வாவிக்கரையின் பாட்டும் ஜப்பானின் பாட்டுப் பெட்டியும்

மட்டக்களப்பைப் பற்றி எழுத முற்படுவோர் எவரும் பாடும் மீன்களைத் தொடாமல் அப்பாற் செல்வதில்லை. முழுநிலா இரவில் கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டால் எழும் அந்த மெல்லோசை உலகறிந்தது. அருட்தந்தை லாங் அவர்களின் உதவியுடன் 1960களில் இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பியதும் மூத்தோர் பலருக்கு நினைவிருக்கும். நீருக்கடியில் ஒலிப்பது மீனா, ஊரியா என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆனால், அதே வாவியின் இரு கரைகளிலும் வாழ்ந்து, இன்று அறுபதுகளில் நிற்கும் மனிதர் தம் இளமையில் எதைப் பாடினர், இப்போது எதைப் பாட விரும்புகின்றனர் என்ற வினாவை நாம் அவ்வளவு ஆர்வத்துடன் எழுப்பியதில்லை.

இந்த வினாவுக்கு விடை தேடுகையில் ஓர் ஒப்பீடு துணைக்கு வருகிறது. அது ஜப்பானிலிருந்து வருகிறது. கல்லடியில் 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய பாலமும், 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மண்முனைப் பாலமும் ஜப்பானிய நிதியுதவியால் எழுந்தவை. ஆகவே அந்நாடு வாவிக்கரை மக்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அந்நாட்டின் வேறொரு ஆக்கமான கரோக்கி, எவருடைய நிதியுதவியுமின்றித் தானாகவே இங்கு வந்து சேர்ந்துவிட்டது. இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும், பாடகரின் குரல் நீக்கப்பட்ட பின்னணி இசையை ஒலிக்கவிட்டு, திரையில் நகரும் சொற்களைப் பார்த்துப் பாடலாம். புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் நம்மவரின் பிறந்தநாள் விழாக்களில் இது ஏறத்தாழ ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

கரோக்கி என்னும் சொல்லுக்கு 'வெற்று இசைக்குழு' என்று பொருள். இசைக்குழு இல்லாமலே இசைக்குழுவின் ஒலி கிடைப்பதால் அப்பெயர். டோக்கியோவில் 1967ஆம் ஆண்டு ஷிகெயிச்சி நெகிஷி என்பவர் இத்தகைய பெட்டியொன்றைச் செய்தார். அவர் 2024 ஜனவரியில் நூறாவது வயதில் காலமானார். கோபே நகரில் 1971ஆம் ஆண்டு டைசுகே இனோவே என்னும் இசைக்கலைஞர், முன்னவரை அறியாமலே, வேறொரு பெட்டியைச் செய்தார். மதுச்சாலைகளில் வாடிக்கையாளர் பாடும்போது வாத்தியம் வாசித்துக் கொடுப்பது அவருடைய தொழில். வெளியூர்ப் பயணத்திற்குத் தம்முடன் வந்து வாசிக்குமாறு ஒரு வணிகர் கேட்டபோது, தாம் போக இயலாமையால் தம் வாசிப்பை ஒலிநாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினார். அங்கிருந்துதான் நாணயம் இட்டால் பின்னணி இசைக்கும் பெட்டி என்ற எண்ணம் பிறந்தது. அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. பெற்றிருந்தால் உலகின் பெருஞ்செல்வருள் ஒருவராகியிருப்பார் என்பர். அவருக்குக் கிடைத்தது 2004ஆம் ஆண்டின் 'இக் நோபல்' சமாதானப் பரிசு. மனிதர் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளப் புதுவழி கண்டார் என்று நகைச்சுவையாக அவரைப் பாராட்டினர். அண்டைவீட்டாரின் பாட்டைக் கேட்கும் நிலையில் இருப்போருக்கு இப்பாராட்டின் பொருத்தம் எளிதில் விளங்கும்.

ஜப்பானில் இன்று அறுபதுகளில் உள்ள ஒருவர் பாட்டறைக்குள் நுழைந்தால் எதைத் தெரிவு செய்வார்? நம்மில் பலர் எண்ணுவது போல, 'என்கா' எனப்படும் பழைய சோகப் பாட்டுகளை மட்டும் அன்று. அவ்வகை, எண்பதைத் தொட்டவர்களுக்கே பெரிதும் உரியது. அறுபதுகளில் உள்ளோர் 1970களில் பள்ளிச் சிறுவர், சிறுமியராக இருந்தவர்கள். ஆகவே, அவர்கள் கைவைக்கும் பட்டியல் கலவையானது. சயூரி இஷிக்காவா 1977இல் பாடிய 'ட்சுகாரு நீரிணையின் குளிர்காலக் காட்சி', மசாவோ சென் அதே ஆண்டு பாடிய 'வடநாட்டு வசந்தம்' ஆகியன ஒருபுறம். மொமொயே யமகுச்சியின் 1978ஆம் ஆண்டுப் பயணப் பாடல், சாக்கி குபோத்தாவின் 1979ஆம் ஆண்டு 'அந்நியர்', ஷின்ஜி தனிமுராவின் 1980ஆம் ஆண்டு 'சுபாரு', சதர்ன் ஓல் ஸ்டார்ஸ் குழுவின் காதற் பாடல்கள் ஆகியன மறுபுறம். ஹிபாரி மிசோரா 1989ஆம் ஆண்டு, தம் மறைவுக்குச் சற்று முன்னர் வெளியிட்ட 'ஆற்றின் ஓட்டம் போல' வயது வேறுபாடின்றி எல்லோருக்கும் பொதுவானது.

இவற்றுள் முதலிரண்டைச் சற்று நின்று நோக்குதல் தகும். 'ட்சுகாரு நீரிணை' இரவு ரயிலில் வடக்கே சென்று, பனி பொழியும் துறைமுகத்தில் இறங்கி, கப்பலேறி ஹொக்கைடோத் தீவுக்குத் தனியே திரும்பும் ஒரு பெண்ணின் பாட்டு. அந்தக் கப்பற் சேவை, கடலடிச் சுரங்க ரயில் வந்ததும் 1988இல் நிறுத்தப்பட்டது. இன்று அந்தப் பயணத்தை எவரும் செய்ய முடியாது; பாட்டுக்குள் மட்டுமே செய்யலாம். பாலம் வருவதற்கு முன் மண்முனைத் துறையில் 'பாதை'க்காகக் காத்து நின்றவர்களுக்கு இதன் பொருள் சொல்லாமலே புரியும். 'வடநாட்டு வசந்தம்' பிழைப்புக்காகப் பெருநகர் சென்ற ஒருவனுக்குத் தாய் அனுப்பிய பொதி வந்து சேர, அவன் ஊரின் இளவேனிலை நினைப்பது. மத்திய கிழக்கிலிருந்து ஊரை நினைத்தவர்களும், அவர்களுக்கு இங்கிருந்து கருவாடும் மிளகாய்த்தூளும் கட்டி அனுப்பியவர்களும் நிறைந்த ஒரு மாவட்டத்தில், அப்பாட்டு மொழிபெயர்ப்பின்றியே விளங்கக்கூடும்.

அறுபது வயதினர் ஏன் தம் பதின்பருவப் பாடல்களையே நாடுகின்றனர்? இது வெறும் பழம்பெருமை அன்று. ஏறத்தாழப் பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரையான காலத்தின் நினைவுகள், பிற்காலத்தில் ஏனைய பருவங்களின் நினைவுகளைவிடக் கூடுதலாகவும் தெளிவாகவும் மேலெழுகின்றன என்பதை நினைவாற்றலை ஆராய்வோர் 1980களிலிருந்தே எடுத்துக்காட்டி வருகின்றனர். முதல் தொழில், முதற் காதல், முதற் பிரிவு எல்லாம் அந்தக் காலத்தில் நிகழ்கின்றன. அவற்றோடு அப்போது காதில் விழுந்த இசையும் பிணைந்துவிடுகிறது. மறதி நோயால் பெயர்களை இழந்த முதியவர்கள்கூட, இளமையில் கேட்ட பாட்டு ஒலித்தால் அடிபிறழாமல் தொடர்வதை வீட்டில் அத்தகையவரை வைத்துப் பராமரிப்போர் கண்டிருப்பர்.

ஜப்பானியர் இதனை உணர்ந்தே தொழில் நடத்துகின்றனர். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் 65 வயதைக் கடந்துள்ள நாடு அது. ஆகவே, பெருங்கரோக்கி நிறுவனமொன்று 2001ஆம் ஆண்டிலிருந்தே முதியோர் பராமரிப்பு நிலையங்களுக்கெனத் தனிப் பெட்டியொன்றை வழங்கி வருகிறது. பாட்டோடு கைகால்களை அசைக்கும் பயிற்சி, பழைய காட்சிகள் எல்லாம் அதில் உண்டு. ஆயினும், நமது நோக்கில் இதைவிட முக்கியமானது வேறொன்று. 1992ஆம் ஆண்டு முதல் தொலைபேசிக் கம்பி வழியாகப் பாட்டுகளை அனுப்பும் முறை வந்ததும், பெட்டிக்குள் எத்தனை தட்டுகள் அடங்கும் என்ற கட்டுப்பாடு நீங்கியது. விற்காத பாட்டு, ஒரே ஒரு மாவட்டத்தார் மட்டும் விரும்பும் பாட்டு, அரை நூற்றாண்டாக எந்த வானொலியும் ஒலிபரப்பாத பாட்டு ஆகியவையும் பட்டியலில் இடம்பெற்றன. பாடப்படும் பாட்டுக்குரிய உரிமைப்பணத்தை இசை உரிமைச் சங்கம் திரட்டி, இயற்றியவருக்கும் இசையமைத்தவருக்கும் சேர்ப்பிக்கிறது. எனவே, பழைய பாட்டைப் பட்டியலில் வைத்திருப்பதில் எல்லோருக்கும் நன்மை உண்டு. ஓர் ஆவணக் காப்பகம் செய்யவேண்டிய வேலையை ஒரு கேளிக்கைத் தொழில் தன்னையறியாமலே செய்துவருகிறது எனலாம். காப்பகத்தில் உள்ள பாட்டு உறங்கும். கரோக்கியில் உள்ள பாட்டு யாரோ ஒருவர் வாயில் மாலைதோறும் எழுகிறது.

இனி வாவிக்கரைக்கு வருவோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்தில், ஏறாவூர் அயலிலிருந்து கல்முனைப் புறம்வரை நீண்டு கிடக்கும் இந்நீர்நிலையைச் சுற்றி, எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இன்று அறுபதுகளில் வாழ்வோர் 1950களின் பிற்பகுதியிலும் 1960களின் முற்பகுதியிலும் பிறந்தவர்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் 12.4 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். அவ்விழுக்காடு அதன் பின்னர் மேலும் உயர்ந்தே உள்ளது. இவர்களுடைய இளமையில் ரூபவாஹினி இல்லை. அது 1982இல்தான் வந்தது. இருந்தது வானொலி. 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறிய நிலையத்தின் தமிழ் வர்த்தக சேவையே காலையில் எழுப்பியது; இரவில் உறங்க வைத்தது. 'பொங்கும் பூம்புனல்' ஒலிக்கத் தொடங்கிய நேரத்தைக் கொண்டு பள்ளிக்குப் புறப்பட்டவர்கள் இன்றும் இருக்கின்றனர். ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீட் ஆகியோரின் குரல்களை உறவினர் குரல்போல் அறிந்தவர்கள் இவர்கள்.

அந்த வானொலி நமக்கு அளித்த ஒன்றைக் கரோக்கியுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையானது. ஜப்பானிய வானொலி 1946ஆம் ஆண்டிலிருந்தே சாதாரண மக்களை மேடையேற்றிப் பாடவைத்து, மணியடித்துத் தீர்ப்புக் கூறியது. கரோக்கிக்கு நிலம் பண்படுத்தியது அந்நிகழ்ச்சியே. நம்மிடம் அதற்கு ஈடாக இருந்தது 'பாட்டுக்குப் பாட்டு'. அப்துல் ஹமீட் அவர்களால் பெரும்புகழ் பெற்று, பின்னர் தமிழகத் தொலைக்காட்சிவரை சென்றது அது. கொடுக்கப்பட்ட எழுத்தில் தொடங்கும் பாட்டை உடனே நினைவிலிருந்து எடுத்துப் பாட வேண்டும். சொற்களைக் காட்டத் திரையில்லை. கரோக்கி நினைவுக்குப் பதிலாக எழுத்தைத் தருகிறது; பாட்டுக்குப் பாட்டோ நினைவையே தேர்வுக்கு உட்படுத்தியது. அந்நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை, நூற்றுக்கணக்கான பாட்டுகளின் பல்லவியை எழுத்து வரிசையில் அடுக்கி வைத்திருக்கும் தலைமுறை. இந்த வளம் மிகப் பெரியது. ஆனால், அது ஏட்டில் இல்லை, தலைக்குள் இருக்கிறது.

திரைப்பாடல்களைப் பொறுத்தவரை கவலைப்பட ஏதுமில்லை. மெல்லிசை மன்னர் விஸ்வநாதனின் பாடல்களும், 1976இல் 'அன்னக்கிளி' மூலம் வந்த இளையராஜாவின் பாடல்களும் பின்னணி இசையோடு இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. இவ்விடத்தில் முதியோர் தின விழா நடத்துவோருக்கு ஒரு சொல். அறுபது வயதினரைக் கௌரவிப்பதாக எண்ணி தியாகராஜ பாகவதரை ஒலிக்கவிடுவது பொருந்தாது. 1960இல் பிறந்தவருக்கு 'அன்னக்கிளி' வெளிவந்தபோது பதினாறு வயது. பாகவதர் அவருடைய பாட்டனாரின் பாடகர்.

கவலைக்குரியது, திரைக்கு வெளியே பிறந்த நமது சொந்தப் பாட்டுகளின் நிலை. 1970 முதல் 1977 வரையான காலத்தில் அன்றைய அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியதால் தமிழகச் சஞ்சிகைகளின் வரவு சுருங்கியது. உள்ளூர்ப் படைப்புகளுக்குச் சற்று இடம் கிடைத்தது. வானொலியில் ஈழத்து மெல்லிசைப் பாடல்கள் ஒலித்தன. அதே காலத்தில் பொப்பிசை எழுந்தது. நித்தி கனகரத்தினம் பாடிய 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' ஆகியவற்றைக் கேட்டுக் கால் தாளமிடாதவர் அன்று அரிது. திருகோணமலையிலிருந்து பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் பாடினர். பொப் என்று பெயரிட்டாலும் இப்பாட்டுகளின் இடுப்பில் இருந்த தாளம் பைலாவினது. பேச்சுத்தமிழ், ஊர்க்கிண்டல், கிட்டார் ஆகிய மூன்றும் சேர்ந்த இக்கலவை தமிழகத்தில் அப்போது இல்லாத ஒன்று. 'சுராங்கனி' கடல் கடந்து, 1977ஆம் ஆண்டின் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் இசையிலும் இடம்பெற்றதை நாம் அறிவோம். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானபோது அஞ்சலிக் குறிப்புகள் பெரும்பாலும் அந்த ஒரு பாட்டையே நினைவுகூர்ந்தன. ஒரு முழு இயக்கம் ஓரிரு பாட்டுகளாகச் சுருங்கிவிட்டது. விழா மேடைகளில் ஆண்டாண்டாக அதே பாட்டுகள் திரும்பத் திரும்ப வருவதற்கு ரசனைக் குறைவு மட்டும் காரணமன்று; மற்றவற்றுக்குப் பின்னணி கிடைப்பதில்லை, சொற்கள் கிடைப்பதில்லை, பல பாட்டுகளின் இசைத்தட்டே கிடைப்பதில்லை.

பைலா என்றதும் சிங்கள மக்களின் தென்கரைக் கொண்டாட்டம் மட்டுமே பலருக்கு நினைவில் வரும். காவல்துறையில் பணியாற்றி, நவீன பைலாவின் தந்தை எனப் போற்றப்பட்ட வொலி பஸ்தியன்ஸின் பணி பெரிதுதான். ஆனால், பைலாவின் தாயான கப்ரிஞ்ஞா இன்றும் உயிரோடு ஆடப்படும் இடங்களுள் ஒன்று மட்டக்களப்பு நகரம். போர்த்துக்கேயர் இங்கு 1628இல் கோட்டை கட்டினர். பத்தே ஆண்டுகளில், 1638இல், ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். ஆட்சி போன பின்னரும் மொழி போகவில்லை. தச்சு, கொல்லு, தையல், இயந்திரத் தொழில் என்று கைவினைகளால் வாழ்ந்த கத்தோலிக்கப் பறங்கியர் குடும்பங்களில், தமிழோடு நெருங்கிப் பழகி, தமிழின் வாக்கிய அமைப்பையே பெருமளவு ஏற்றுக்கொண்ட ஒரு போர்த்துக்கேயக் கலப்புமொழி நான்கு நூற்றாண்டுகளாகத் தாய்மொழியாக நிலைத்தது. வெளியே தமிழ், வீட்டில் அம்மொழி, திருமண வீட்டில் கப்ரிஞ்ஞா என்பதே அவர்களுடைய வாழ்வொழுங்கு. வயலினும் கிட்டாரும் தோற்கருவியும் முழங்க, இணை இணையாக நின்று அவர்கள் ஆடும் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

இப்பாட்டுகளின் வடிவம் நமக்குப் புதிதன்று. நான்கடிப் பாடலை ஒருவர் எறிய, மற்றவர் நான்கடியில் பதில் எறிவார். காதலும் கேலியும் சரிபாதியாகக் கலந்திருக்கும். அதே வாவிக்கரையிலும் அதற்குத் தெற்கேயும் முஸ்லிம் ஊர்களில் வழங்கும் நாட்டார் கவிகளில் மச்சானும் மச்சியும் மாறி மாறித் தொடுக்கும் அடிகளை இதன் அருகில் வைத்துப் பார்த்தால், ஒரே மண்ணில் இரு மொழிகளில் ஒரே விளையாட்டு நடந்திருப்பது புலப்படும். ஆய்வாளர் எவரேனும் இவ்விரண்டையும் விரிவாக ஒப்பிட முன்வருவாராயின் நல்ல நூலொன்று கிடைக்கும்.

பறங்கியர் பாட்டுகளின் பெறுமதியை முதலில் உணர்ந்தவர்கள் வெளியாரே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைச் சிவில் சேவையில் இருந்த ஹியூ நெவில் திரட்டிய கையெழுத்துப் பிரதிகளுள் இக்கலப்புமொழிப் பாடல்களும் அடங்கும். அத்திரட்டு பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. 1970களில் கனடாவைச் சேர்ந்த மொழியியலாளர் இயன் ஸ்மித் மட்டக்களப்பில் இம்மொழியை ஆராய்ந்தார். அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் ஜாக்சன் இங்குள்ள பாடகர்களின் பாட்டுகளைப் பதிந்து, நெவிலின் பிரதியோடு ஒப்பிட்டு, 1990இல் ஒரு நூலாக வெளியிட்டார். 'வெட்கமின்றிப் பாடு' என்பது அந்நூலின் தலைப்பின் பொருள். உலகெங்கும் கரோக்கி அறைகளில் தயங்கி நிற்போர் காதில் நண்பர்கள் ஓதும் சொற்களும் இவையே. அண்மைக் காலத்தில், லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோ தலைமையிலான குழு, மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பேச்சையும் பாட்டையும் ஆட்டத்தையும் ஒலி, ஒளிப்பதிவு செய்து, அழிநிலை மொழிகளுக்கான இணையக் காப்பகத்தில் சேர்த்துள்ளது. எனவே, பதிவே இல்லை என்று எவரும் கைவிரிக்க இயலாது. இல்லாதது, அப்பதிவிலிருந்து ஊரார் மீண்டும் பாடுவதற்கான வழி.

மொழியைப் பேச அறியாத இளையோரும் கப்ரிஞ்ஞாவின் அடிகளை மனனமாகப் பாடுவதுண்டு. இதனைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவழியினர் அன்றாடப் பேச்சிலிருந்து இம்மொழி மறைந்த பின்னரும் தம் 'மான்ஜா' பாட்டுகளின் வழியாகவே அதன் சொற்களைக் காத்து வைத்துள்ளனர். மொழி போனாலும் பாட்டு சிறிது காலம் நிற்கும். பாட்டும் போனால் பிடித்துக்கொள்ள எதுவும் இராது.

அழிவு இங்கே மெல்ல வரவில்லை என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி இம்மாவட்டத்தின் கூரைகளைப் பிய்த்தெறிந்தபோது, அந்த வீடுகளில் இருந்த இசைத்தட்டுகளும் வானொலிப் பெட்டிகளும் புகைப்படங்களும் சேர்ந்தே அழிந்தன. 1977க்குப் பின் மலிவாக வரத் தொடங்கிய ஒலிநாடாக்களில் மக்கள் தாமே பதிந்து வைத்த திருமண வீட்டுப் பாட்டுகள் பல, 1980களிலும் 1990களிலும் இடம்பெயர்ந்து அலைந்த குடும்பங்களின் மூட்டைகளில் இடம்பெறவில்லை. உயிரைக் கையில் பிடித்து ஓடுபவர் ஒலிநாடாவை எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை டச்பார் கரையோரத்தில் வாழ்ந்த பறங்கியர் குடும்பங்களைக் கொடூரமாகத் தாக்கியது. பாடத் தெரிந்தவர்களையும் வாசிக்கத் தெரிந்தவர்களையும் சேர்த்தே அது கொண்டுசென்றது. தப்பியோருள் பலர் பின்னர் அவுஸ்திரேலியாவுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றனர்.

இத்தலைமுறையின் நினைவுத் திரட்டில் இதனால் ஓர் உடைவு உண்டு. ஜப்பானிய அறுபது வயதினர் பத்திலிருந்து முப்பதுவரை ஒரே ஓட்டமாகப் பாட்டுக் கேட்டவர்கள். மட்டக்களப்பின் அறுபது வயதினருக்கு இருபதையொட்டி அந்த ஓட்டம் அறுந்தது. போர்க்காலத்துப் பாட்டுகளுக்குத் தனி வரலாறு உண்டு. அது இங்கு பேசப்படும் பொருளன்று. ஆனால், அறுந்த இடத்துக்கு முற்பட்ட பாட்டுகளை இவர்கள் ஏன் அத்தனை இறுகப் பற்றியிருக்கின்றனர் என்பதை அந்த உடைவு விளக்குகிறது. 1974இல் பள்ளி விழாவில் பாடிய பாட்டு, அவர்களுக்கு இழந்த நண்பர் பலரின் ஒரே மிச்சம்.

பாட்டைத் திரட்டுவதில் மட்டக்களப்பு பின்தங்கிய மண் அன்று. தி. சதாசிவ ஐயர் 1940ஆம் ஆண்டிலேயே 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' வெளியிட்டார். அண்ணாவிமாரின் வாயிலும் ஏட்டுச்சுவடிகளிலும் சிதறிக் கிடந்த வசந்தன் பாடல்கள் அச்சேறியிராவிடின், கூத்தை மீட்டெடுக்க முனைந்த பிற்காலத்தவருக்கு நிற்க நிலம் இருந்திராது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பழந்தமிழர் யாழ்களின் இசையிலக்கணத்தை மீட்டு, 1947இல் 'யாழ் நூல்' ஆக்கினார். வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வந்தது. இவர்கள் யாவரும் தம் காலத்துக்கு முற்பட்டதைத் திரட்டினர். 1970களின் பாட்டு நமக்கு மிக அண்மையில் இருப்பதால் அதனைப் பழமை என்று எவரும் கருதுவதில்லை. பொப், பைலா என்ற பெயர்களால் அதற்கு மதிப்பும் குறைவு. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது என்பதே பலருக்கு உறைக்கவில்லை. வசந்தன் கவிகளைச் சதாசிவ ஐயர் திரட்டும்போதும் அவற்றை வெறும் வேளாண்மைக்காரர் பாட்டு என்று சொல்லி ஒதுக்கியவர்கள் இருந்திருக்கவே செய்வர்.

இதற்கு வேண்டிய கருவிகள் இன்று பெருஞ்செலவானவை அல்ல. பின்னணி இசையை ஒரு கணினியும் ஓரிரு வாத்தியக்காரரும் கொண்டே அமைத்துவிடலாம். கல்லடியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபுலாநந்த அடிகள் பெயரில் அழகியற் கற்கைகள் நிறுவகம் இயங்குகிறது. இசை பயிலும் மாணவர்கள் அங்கே ஆண்டுதோறும் வெளியேறுகின்றனர். கர்நாடக இசையில் தேர்ந்த அம்மாணவருள் சிலருக்கு, ஒரு கப்ரிஞ்ஞாவின் எட்டின் கீழ் ஆறு தாளத்தைக் காதால் கேட்டு எழுதும் பயிற்சியைப் பட்டக்கல்வியின் பகுதியாக்கினால் தவறில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் நம்மவர் நூல்களையும் இதழ்களையும் காத்துவரும் முறையில், ஒலிக்கும் இடமுண்டு. பறங்கியர் சங்கம் மட்டக்களப்பில் இன்றும் செயற்படுகிறது. இம்மூன்று தரப்பும் ஒரு மேசையில் அமர்வது, இந்நகரின் அளவை அறிந்தோருக்குக் கடினமான காரியமாகத் தோன்றாது.

கடினமானது உரிமை பற்றிய சிக்கலே. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைப்பாளியின் வாழ்நாளுக்கும் அதன் பின்னர் எழுபது ஆண்டுகளுக்கும் பதிப்புரிமை நீடிக்கும். ஆகவே, 1970களின் பொப்பிசைப் பாட்டு ஒவ்வொன்றுக்கும் உரியவரோ அவருடைய வாரிசோ எங்கோ ஒரு நாட்டில் இருப்பார். அவரைத் தேடி இசைவு பெறாமல் பின்னணி வெளியிடுவது முறையன்று. இயற்றியவர் இன்னார் என்று அறியப்படாத கப்ரிஞ்ஞாவுக்கு இத்தடை இல்லாவிடினும், நாட்டார் வழக்காற்று வெளிப்பாடுகளுக்கு அதே சட்டம் அளிக்கும் பாதுகாப்பும், அதைவிட மேலாக, அப்பாட்டுகளைக் காத்த சமூகத்தின் இசைவும் கவனிக்கத்தக்கவை. ஜப்பானில் ஒரு சங்கம் பார்த்துக்கொள்ளும் இவ்வேலையை இங்கே கடிதமெழுதியும் தொலைபேசியில் அழைத்தும் தனியாட்களே செய்ய வேண்டியிருக்கும். பாடகர்களும் அவர்தம் உறவினரும் முகவரி மாறாமல் இருக்கும்போதே இதனைத் தொடங்குவது எளிது.

ஜப்பானியப் பெட்டியிடமிருந்து எடுக்கக்கூடாத ஒன்றும் உண்டு. பாடி முடித்ததும் நூற்றுக்கு இத்தனை என்று அது மதிப்பெண் இடும். மூலப் பாடகரின் இராகத்தை எவ்வளவு துல்லியமாகப் பின்பற்றினீர் என்பதே அதன் அளவுகோல். எறிபாட்டும் பதிற்பாட்டுமாக, அந்தந்த வேளையில் அடியை மாற்றி, எதிரே நிற்பவரின் பெயரையே பாட்டுக்குள் இழுத்துவிடும் கப்ரிஞ்ஞாவுக்கு அந்த அளவுகோலை வைத்தால் சிறந்த பாடகர்கள் முதலில் தோற்றுப்போவர்.

எடுக்கத்தக்கது அப்பெட்டியில் உள்ள ஒரு சிறு பொத்தான். அதனை அழுத்த அழுத்தச் சுருதி அரையரைக் கட்டையாக இறங்கும். இருபது வயதில் ஐந்து கட்டையில் பாடியவர் அறுபத்தைந்தில் மூன்றுக்கு இறங்கியிருப்பார். பெண் குரல்களும் அவ்வாறே தாழும். மேடையில் வாத்தியக்காரர் பழைய இசைத்தட்டின் சுருதியிலேயே தொடங்கிவிடுவதால், மேற்ஸ்தாயியில் குரல் உடைந்து, 'இனி நமக்கு இது சரிவராது' என்று பலர் பாட்டையே நிறுத்திக்கொள்கின்றனர். வாவிக்கரையில் பதிவுக்குச் செல்வோர் முதலில் அவர்களைத் தனியே பாடவிட்டு, அவர்கள் தாமாக எடுக்கும் சுருதியைக் குறித்துக்கொண்டு, அதன்மேல் கிட்டாரையும் வயலினையும் பின்னர் ஏற்றலாம். பின்னணி ஆறு மாதம் கழித்துத் தயாரானாலும் பாதகமில்லை. குரலை இந்த ஆண்டே பதிந்துவிட வேண்டும்.